செய்தித்தளத்தின் வாசகர் வரைபடத்தை எப்படிப் படிப்பது

இணையத்தில் செய்தித்தாள் நடத்துகிற எல்லோரும் அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள். கூகுள் அனலிடிக்ஸில் (தளத்துக்கு எங்கிருந்து, எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கும் கருவி) நாடு நாடாக நீலம் பூசியிருக்கும், சில இடம் அடர்த்தி, சில இடம் வெளிறல், பக்கத்தில் ஒரு பட்டியல், அதில் நம் நிருபர் யாரும் கால் வைக்காத ஊர்ப் பெயரெல்லாம் வரும். "நம்மை அங்கேயெல்லாம் படிக்கிறார்களா!" என்று சந்தோஷமாகத்தான் இருக்கும். அடுத்த ஆசிரியர் குழுக் கூட்டத்திலேயே வெளிநாட்டுப் பதிப்பு பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

அவசரப்படாதீர்கள். வாசகருடைய இணைப்பு எந்த ஊரிலிருந்து வருவதாகக் கருதப்படுகிறதோ அந்த ஊரைத்தான் அந்த வரைபடம் காட்டுகிறது, வாசகர் இருக்கும் ஊரை அல்ல. அது சரியாகவே இருந்தாலும், ஒருவர் உட்கார்ந்திருக்கும் ஊர் வேறு, அவர் மனசு கிடக்கும் ஊர் வேறு. செய்தித்தாளுக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஆனால் கருவிகளுக்கு முதலாவதுதான் தெரியும், அதுவும் அரைகுறையாக. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் என்ன செய்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தைச் சுத்தம் செய்யுங்கள்

ஐபி முகவரியை (இணைய இணைப்புக்குக் கொடுக்கப்படும் எண்) வைத்து ஊரைச் சொல்வதில் கணிசமான பங்கு ஊகம். இந்த முகவரித் தொகுதி இந்த நிறுவனத்திடம் இருக்கிறது, அந்த நிறுவனம் இந்தப் பகுதியில் சேவை தருகிறது என்று தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளங்களிலிருந்துதான் அந்த ஊர்ப் பெயர் வருகிறது. ஊர் தெரியாவிட்டால்? மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், அமெரிக்கா என்று மட்டும் தெரிந்து மற்றது தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவே ஒரு புள்ளியைக் கொடுத்து வைத்திருந்தது: வட அட்சரேகை 38, மேற்குத் தீர்க்கரேகை 97. கேன்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பண்ணை வீடு அந்தப் புள்ளியில் மாட்டிக்கொண்டது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரே வீட்டைக் காட்டியதால், இணைய மோசடி, காணாமல் போனவர் என்று எதற்கெடுத்தாலும் போலீஸ் அந்தக் கதவைத்தான் வருஷக்கணக்கில் தட்டியது. 2016-இல் விஷயம் வெளியே வந்த பிறகுதான் புள்ளியை ஒரு நீர்த்தேக்கத்துக்கு நகர்த்தினார்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் ஊர்ப் பெயர்களும் இதே வகைக் கணக்கில் வந்தவைதான், அதை மறக்க வேண்டாம்.

அதனால் முதல் வேலை, கடைசி 28 நாளுக்கான ஊர்ப் பட்டியலை எக்செல்லில் இறக்கி, பயனர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் சராசரி ஈடுபாட்டு நேரத்தை (பக்கம் கண்முன் திறந்திருந்த நேரம்) வைத்துப் பார்ப்பது. ஆள் நிறைய, நேரம் ஒன்றிரண்டு விநாடி என்று வருகிற ஊரைத் தனியாக எடுத்து வையுங்கள். வர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்ன், ஆரகன் மாநிலத்தின் போர்ட்மேன், அயோவா மாநிலத்தின் கவுன்சில் பிளஃப்ஸ் போன்ற பெயர்கள் வந்தால் பெரும்பாலும் அங்கே வாசகர் யாரும் இல்லை. அவை பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கும் ஊர்கள், அங்கிருந்து வருவது நம் பக்கங்களை அள்ளிக்கொண்டு போகும் தானியங்கி நிரல்கள், அதாவது பாட்கள். தெரிந்த பாட்களை அனலிடிக்ஸே வடிகட்டிவிடும் என்பது உண்மைதான், ஆனால் தெரியாதவை தப்பி உள்ளே வந்துவிடுகின்றன. திரும்ப வராதவர்கள், எல்லோரும் டெஸ்க்டாப், ஒரே பிரவுசர், ஒருவரும் ஸ்க்ரோல் செய்யவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

மொபைல் இணைப்பில் இன்னொரு சிக்கல். பல மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரு சில பொது முகவரிகளுக்குப் பின்னால் வைத்து, எல்லோரையும் ஏதாவது ஒரு பெருநகரத்தின் வழியாக இணையத்துக்கு அனுப்புகின்றன. எங்கள் நிருபர் ஒருவர் மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து போனில் தளத்தைத் திறந்தபோது, இந்த நிமிஷம் யார் படிக்கிறார்கள் என்று காட்டும் ரியல்டைம் பக்கத்தில் வந்து நின்றது பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் தலைநகரத்தின் பெயர். அதுவரை "கிராமத்தில் நம்மை யாரும் படிப்பதில்லை" என்று நாங்கள் முடிவே கட்டியிருந்தோம், அந்த முடிவை வைத்து கிராமப் பக்கத்தைக் குறைக்கவும் செய்திருந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். வெவ்வேறு ஊரில் இருக்கும் பத்துப் பேரிடம், ஒவ்வொருவராக, குறிப்பிட்ட நிமிஷத்தில் யாரும் அவ்வளவாகப் படிக்காத ஒரு பழைய கட்டுரையைத் திறக்கச் சொல்லுங்கள், ஒரு முறை வைஃபையில், ஒரு முறை மொபைல் டேட்டாவில். ரியல்டைமில் எந்த ஊர் வருகிறது என்று எழுதி வையுங்கள். அரை நாள் வேலைதான், ஆனால் உங்கள் வட்டாரத்தில் எந்த ஊர்ப் பெயரை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் அறிக்கை எதுவும் கிடையாது. பொதுவாகச் சொன்னால் நாட்டுப் பெயரை நம்பலாம், மாநிலத்தைப் பாதி நம்பலாம், ஊரை இப்படிச் சோதித்த பிறகுதான் நம்பலாம். இணைப்பை வேறு இடத்தின் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டவர்களுக்கு நாடுகூட மாறும். ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த பிரைவேட் ரிலே, ஐபியை மறைத்து ஏறக்குறைய அந்தப் பகுதியை மட்டும் தெரியவிடுகிறது.

கடிகாரம் பொய் சொல்லாது

வரைபடத்தைவிட எனக்கு அதிக நம்பிக்கை மணிக்கணக்கில்தான். தூங்கும் நேரத்தில் மனிதர்கள் செய்தி படிப்பதில்லை, எந்த நாடாக இருந்தாலும் இது மாறாது.

அனலிடிக்ஸ் கணக்குக்கு ஒரே ஒரு நேர மண்டலம்தான் இருக்கும், எல்லா நாட்டு வாசகரையும் அந்த ஒரே கடிகாரத்தில் போட்டுக் காட்டும். அதனால் எக்ஸ்ப்ளோர் பகுதிக்குப் போய், வரிசையில் நாடு, நெடுக்கில் மணி என்று ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு நாட்டு வரிசையையும் அந்த நாட்டு உள்ளூர் நேரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். லிஸ்பனில் ஒரு தளம் இருக்கிறது, சாவோ பாவ்லோவிலும் அதைப் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாவோ பாவ்லோவில் காலை 8 மணிக்கு எழும் அலை, லிஸ்பன் கடிகாரத்தில் குளிர்காலத்தில் 11 மணிக்கு வரும், கோடையில் 12 மணிக்கு வரும். போர்ச்சுகல் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது, பிரேசில் 2019-இல் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டது, அதனால் இடைவெளி 3 மணியிலிருந்து 4 மணியாகிறது. அங்கே வாசகர் எதையும் மாற்றவில்லை. ஆனால் லிஸ்பனில் உட்கார்ந்திருப்பவர் "ஏப்ரலிலிருந்து காலை வாசிப்பு தள்ளிப்போகிறதே" என்று காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

இப்படி நகர்த்திப் பார்த்ததும் ஒரு நாட்டின் அலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு படுக்கப் போகுமுன் ஒன்று என்று ஏறி இறங்கினால் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் நேரம் விடியற்காலை 3 மணிக்கு உச்சம் என்றால், ஒன்று அது பாட், இல்லை அவர்கள் வேறு நாட்டில் இருந்துகொண்டு இந்த நாட்டின் வழியாக வருகிறார்கள். 24 மணி நேரமும் சமதளமாக ஓடினால் அது இயந்திரம், வேறு யோசனையே வேண்டாம். அமெரிக்கா, ரஷ்யா மாதிரி பல நேர மண்டலம் உள்ள நாட்டை மட்டும் மாநிலவாரியாகப் பிரித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் அலைகள் ஒன்றோடொன்று கலந்து மழுங்கிப்போகும். சீனா இதற்கு நேர்மாறு. ஐந்து மண்டல அகலம் உள்ள நாட்டுக்கு ஒரே அதிகாரபூர்வ நேரம், அதனால் மேற்கே சின்ஜியாங்கில் இருப்பவரின் காலை, அறிக்கையில் முற்பகலாகத் தெரியும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டிஃபிகேஷனையும் மின்னஞ்சல் மடலையும் நேரம் பிரித்து அனுப்புங்கள். தூரத்து வாசகரை நடு இரவில் எழுப்பினால் அவர் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுவார், அப்புறம் அதைத் திரும்ப இயக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பக்கத்து வாசகர், தூரத்து வாசகர்

அருகில் இருப்பவைதான் தூரத்தில் இருப்பவற்றைவிட ஒன்றோடொன்று அதிகம் தொடர்புடையவை என்று வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் 1970-இல் எழுதினார். அதைப் புவியியலின் முதல் விதி என்பார்கள். செய்தி வாசிப்பில் இந்த விதி நன்றாகவே செல்லும், ஆனால் 'அருகில்' என்பதைக் கிலோமீட்டரில் அளக்கக்கூடாது. மொழி ஒரு தூரம், சொந்தபந்தம் ஒரு தூரம், ஒருவர் படித்த பள்ளிக்கூடம் ஒரு தூரம்.

நடைமுறையில் மூன்று விதமானவர்களைப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர் மின்தடை, மூடிய சாலை, மழை, பள்ளி விடுமுறை, ஊராட்சித் தீர்மானம் என்று இன்றைக்குத் தேவையானதைப் பார்க்க வருகிறார், ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறார், நாளைக்கும் வருவார். ஊரை விட்டுப் போனவர் வேறு மாதிரி. அவருக்கு மூடிய சாலையால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனால் மரண அறிவிப்பு, தேர்தல் முடிவு, திருவிழாப் படங்கள், தான் நடந்த தெருவை இடித்து அகலப்படுத்தும் செய்தி, இவற்றையெல்லாம் விடவே மாட்டார், நிதானமாகப் படிப்பார், பழைய செய்திகளைத் தோண்டுவார். மூன்றாமவர் ஒரு பெரிய செய்தி தேடுபொறியிலோ சமூக ஊடகத்திலோ பரவி அதன் வால் பிடித்து வந்தவர். எண்ணிக்கையில் இவர்தான் எல்லோரையும் முந்துவார், அடுத்த மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்.

வரைபடத்தில் இரண்டாமவரும் மூன்றாமவரும் ஒரே நீலம். பிரித்தெடுக்க மூன்று கேள்வி போதும்: 28 நாளில் எத்தனை தடவை வந்தார், முகப்பு வழியாக வந்தாரா நேராக ஒரு கட்டுரையில் இறங்கினாரா, எந்தப் பகுதியைப் படித்தார். ஒரு தூரத்து நாட்டில் மொத்தம் நானூறு பேர்தான் என்றாலும், அதில் பாதிப் பேர் முகப்பு வழியாக வாரத்துக்கு நான்கு தடவை வந்து மரண அறிவிப்பையும் படித்தால் அந்த நானூறு பேரும் உங்கள் ஊர்க்காரர்கள், அவர்கள் இப்போது இருக்கும் இடம் மட்டும்தான் வேறு. பல்லாயிரம் பேர் ஒரே கட்டுரையில் இறங்கி அப்படியே போனால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை நம்பி ஆள் எடுக்காதீர்கள்.

பெயர்க் குழப்பத்தையும் பாருங்கள். பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் இருக்கிறது, அமெரிக்காவின் அலபாமாவிலும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் அப்படித்தான், லண்டன் கனடாவிலும் உண்டு, ஹைதராபாத் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உண்டு. சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து தேடுபொறி வழியாகக் கூட்டம் வந்து பத்து விநாடியில் திரும்பினால், அவர்கள் தங்கள் ஊர் என்று நினைத்து வந்து ஏமாந்து போயிருக்கலாம்.

தூரத்து வாசகர் நிஜமாகவே இருந்தால்

உண்மையிலேயே இருக்கிறார்கள் என்று உறுதியானால் அப்புறம் என்ன செய்வது? தி கார்டியனைப் பாருங்கள். 1821-இல் மான்செஸ்டரில் ஆரம்பித்த தாள், 1959-இல் பெயரிலிருந்து மான்செஸ்டரை எடுத்தது, 1964-இல் ஆசிரியர் லண்டனுக்குக் குடிபோனார். இணையம் வந்த பிறகு அமெரிக்க வாசகர்கள் கணிசமாகச் சேர்ந்துவிட்டார்கள், அதற்கு அப்புறம்தான் 2011-இல் அமெரிக்கப் பதிப்பு, 2013-இல் ஆஸ்திரேலியப் பதிப்பு. அதே 2013-இல் இணைய முகவரியின் வாலில் இருந்த பிரிட்டன் அடையாளத்தை எடுத்துவிட்டு டாட் காமுக்கு மாறினார்கள். ஐரோப்பியப் பதிப்பு 2023-இல்தான் வந்தது. வாசகர் முதலில், பதிப்பு பின்னால், நான் இதில் எடுத்துக்கொள்வது இந்த வரிசையைத்தான்.

வாசகர் இருப்பதும் வருமானம் இருப்பதும் ஒன்றல்ல. நியூயார்க் டைம்ஸ் 2016-இல் ஸ்பானிய மொழித் தளம் ஆரம்பித்தது, படிக்க ஆள் வந்தார்கள், ஆனால் பணமாகவில்லை என்று 2019-இல் நிறுத்தியது. மட்ரிட்டின் எல் பாய்ஸ் 2013-இல் பிரேசிலுக்குப் போர்ச்சுகீசியப் பதிப்பு தொடங்கி 2021 டிசம்பரில் மூடியது. விளம்பர வருவாய் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள அளவு மாறும், சந்தா கட்டும் பழக்கமும் மாறும், கையில் சர்வதேச அட்டை இல்லாதவர் கட்ட நினைத்தாலும் கட்ட முடியாது. அதனால் புதுப் பதிப்புக்கு முன்னால் அந்த நாட்டில் ஒரு சின்ன மின்னஞ்சல் மடல் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். திறப்பவர் குறையாமல் இருந்தால், அங்கே மட்டும் சந்தா கேட்டுப் பாருங்கள். நியூயார்க் டைம்ஸ்கூட 2011 மார்ச்சில் கட்டணத் திட்டத்தை முதலில் கனடாவில்தான் ஓடவிட்டது, உலகம் முழுக்கக் கொண்டுவந்தது பதினோரு நாள் கழித்துத்தான்.

இதற்கெல்லாம் முன்னால் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. "பழைய பாலம் நாளை மூடல்" என்ற தலைப்பு உள்ளூர்க்காரருக்குப் போதும், அதை மாற்றாதீர்கள். ஆனால் முதல் வாக்கியத்தில் ஊர், மாவட்டம், நாடு, கிழமையோடு தேதி எல்லாம் வரட்டும். 'நேற்று', 'இன்று மாலை' என்பதெல்லாம் எட்டு மணி நேரம் தள்ளி இருப்பவருக்குப் புரியாது. நேரலை என்றால் எந்த நாட்டு நேரம் என்று எழுதுங்கள். அச்சுத்தாளில் செய்தியின் தலையில் ஊரும் தேதியும் போட்ட வழக்கம் இணையத்தில் தேய்ந்துகொண்டே போகிறது, இங்கேதான் அது அதிகம் தேவை.

ஒரு நாடு திடீரென்று காணாமல் போனால்

பதறாமல் மூன்றைப் பாருங்கள். சமூக ஊடக வழி மட்டும் அறுந்திருக்கிறதா? கனடாவில் 2023 ஆகஸ்ட் முதல் மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளைத் தடுத்தபோது அப்படித்தான் ஆனது. செய்திக்குப் பணம் தரச் சொல்லும் சட்டம் ஜூனில் நிறைவேறியிருந்தது, அதற்கான பதில் அது. எல்லா வழியும் ஒரே நாளில் அறுந்திருந்தால் தளத்தையே தடுத்திருக்கலாம். நியூயார்க் டைம்ஸின் சீன மொழித் தளம் 2012 ஜூனில் வந்தது, அப்போதைய பிரதமர் வென் ஜியாபாவின் குடும்பச் சொத்து பற்றிய செய்திக்காக அக்டோபரிலேயே அங்கே முடக்கப்பட்டது.

மூன்றாவது, கதவை நீங்களே சாத்தியிருக்கலாம். 2018 மே 25 அன்று தனிநபர் தரவைப் பாதுகாக்கும் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், சிகாகோ டிரிப்யூன் உட்படப் பல அமெரிக்கத் தாள்கள் ஐரோப்பிய வாசகரை அப்படியே தடுத்துவிட்டன, சில தளங்கள் 451 என்ற குறியீட்டைக் காட்டின, சட்டக் காரணத்தால் தர முடியாது என்று அதற்குப் பொருள். தடுக்காவிட்டாலும், குக்கி அனுமதி கேட்கும் பெட்டியில் 'வேண்டாம்' என்று சொன்னவர்கள் பல தளங்களின் அனலிடிக்ஸில் வரவே மாட்டார்கள், அதனால் ஐரோப்பா இருப்பதைவிட வெளிறித் தெரியும். சர்வர் பதிவுகளோடு ஒரு தடவை ஒப்பிட்டால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

மெதுவாக விட்டுப் போகிறார்கள் என்றால் வேகத்தைப் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரிடம் போய்த் திரும்ப 100 மில்லி விநாடி, முதல் எழுத்து வந்து சேர்வதற்குள் இப்படிப் பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை போய்வர வேண்டும். சிடிஎன் (பக்கங்களின் நகலை வாசகருக்குப் பக்கத்துச் சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) போட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும், மீதி உங்கள் முகப்புப் படங்களின் எடை.

அருகில் இருக்கும் வெள்ளைத் திட்டு

எல்லோரும் வரைபடத்தில் தூரத்து நீலத்தைப் பார்க்கிறார்கள். நான் தேடச் சொல்வது பக்கத்து வெள்ளையை. உங்கள் எல்லைக்குள்ளேயே, நிருபர் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், யாருமே படிக்காத பகுதி நிச்சயம் இருக்கும். மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும், ஆயிரம் பேருக்கு எத்தனை வாசகர் என்று போடுங்கள், மேலே சொன்ன பத்துப் பேர் சோதனையில் தேறிய ஊர்களுக்கு மட்டும்.

அப்புறம் அதே பகுதியின் பெயரைக் கடந்த ஒரு வருஷத்துச் செய்திகளில் தேடி, எத்தனை செய்தி, என்ன செய்தி என்று எழுதுங்கள். நாங்கள் இதைச் செய்தபோது மிகக் குறைவாகப் படிக்கும் பகுதியைப் பற்றி ஏறக்குறைய விபத்தும் திருட்டும் மட்டுமே எழுதியிருந்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருப்பதே எங்கள் தளத்தைப் படித்தால் தெரியாது. தங்கள் ஊரைப் பற்றி இப்படி மட்டும் எழுதுகிற தாளை யார் தினமும் திறப்பார்கள்?

நேர்மாறாக, பக்கத்து மாவட்டத்தில் வாசகர் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தால் அங்கே இருந்த தாள் மூடப்பட்டதா என்று விசாரியுங்கள். அமெரிக்காவில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) உள்ளூர்ச் செய்தி நிறுவனம் ஒன்றுகூட இல்லை, செய்திப் பாலைவனம் என்று அவற்றைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறவர்கள் தங்களைப் பற்றி ஒரு வரியாவது கிடைக்குமா என்று தேடித்தான் உங்களிடம் வருகிறார்கள். கூகுளில் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோலில் அந்தப் பகுதி ஊர்ப் பெயர்கள் வரும் தேடல்களை வடிகட்டிப் பாருங்கள், அந்தப் பட்டியலின் முதல் ஐந்து சொற்களை அப்படியே ஒரு நிருபரிடம் கொடுத்து, போன் போடச் சொல்லாமல், நேரில் அனுப்புங்கள்.